நூலும் நெசவும்

நம் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்து தொட்டிலில் கிடத்தப்பட்டதும் முதன் முதலாக நடைபெறும் காரியம் பாகப் பிரிவினைதான். "மூக்கு அப்பாவுடையது" என்பார் ஒருவர். "நெற்றி அப்படியே பாட்டியின் நெற்றி" என்பார் இன்னொருவர். கண், காது, விரல், நகம் ஆகிய சகலத்தையும் இரண்டு குடும்பத்தாரும் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, மிச்சமிருப்பது குழந்தையின் அழுகை ஒன்றே. அதற்கு மட்டும் இரு தரப்பிலும் யாரும் உரிமை கொண்டாடுவதில்லை!

இந்தப் பாகப் பிரிவினையால் யாதொரு தீங்குமில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு மூன்று, நான்கு வயதாகி, அண்டை வீட்டுக் குழந்தையின் தோள் மட்டத்துக்குத்தான் அது வளர்ந்திருக்கிறது என்று தெரியவரும் போதும் நாம் அதே பல்லவியைப் பாடுகிறோம். "எங்கள் வம்சமே குட்டை, இவன் மட்டும் எங்கிருந்து நெட்டையாவான்?" என்று சொல்லி விஷயத்தை முடித்து விடுகிறோம். வேறு சிலர் இதற்கு நேர் எதிர்க் கட்சி. வம்சமாவது, மண்ணாவது! டப்பாவில் அடைத்து விற்கும் மாவைப் பாலில் கலந்து இரண்டு வேளை கொடுத்தால் பிள்ளை பனைமரம் போல் வளர்ந்து விடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. முதற் கட்சியாரின் வீட்டில் பசியும் நோயும் கவனிப்பாரின்றிப் போகின்றன. இரண்டாங் கட்சியாரின் வீட்டில் பணம் போகிறது. அத்துடன், சுகமாக இருக்கும் குழந்தையின் மனத்தில் "நமக்கு ஏதோ குறை" என்ற எண்ணமும் வேரூன்றி விடுகிறது.

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ஆனால் நெசவாளர் ஒருவரைக் கேட்டால், இந்தப் பழமொழியில் உண்மை பாதிதான் என்று சொல்லுவார். எவ்வளவு உயர்ந்த நூலாயினும், பாவைச் சரியாக நீட்டாமலும், கஞ்சியைச் சரியாகப் போடாமலும் நெய்தால் சேலை தேறுமா? நெசவாளர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், நூலின் தரத்துக்கு மேலே சேலையைக் கொண்டு போக முடியுமா? குழந்தையின் வளர்ச்சியும் இத்தகையதே. பிறப்பில் வருவது நூல். வீடும் நாடும் கொடுப்பது நெசவு.

பீன்ஸ் விதை சொன்ன பாடம்

முதலில் நூலைப் பற்றிப் பார்ப்போம். இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் கால்டன் என்னும் அறிஞர், 205 தம்பதிகளின் உயரத்தையும், வயது வந்த அவர்களுடைய மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1886-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். நெட்டையான பெற்றோருக்கு நெட்டையான மக்களும், குட்டையான பெற்றோருக்குக் குட்டையான மக்களும் இருப்பதே பொது வழக்கம் என்று கண்டார். ஆனால் மிக நெட்டையான பெற்றோரின் மக்கள் அவர்களைக் காட்டிலும் சற்றுக் குறைந்தும், மிகக் குட்டையான பெற்றோரின் மக்கள் அவர்களைக் காட்டிலும் சற்று உயர்ந்தும், நடுத்தரத்தை நோக்கியே திரும்பினார்கள். ஆகவே, பெற்றோரின் உயரத்தை அப்படியே நகல் எடுத்து இயற்கை குழந்தைக்குக் கொடுப்பதில்லை என்பது அன்றே தெளிவாயிற்று.

டென்மார்க் தேசத்து விஞ்ஞானி வில்ஹெல்ம் யோஹான்ஸன் இதை இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார். அவர் கையாண்டது நம் சமையலறையில் இருக்கும் பீன்ஸ் விதைதான். ஒரே செடியின் வம்சத்தில் வந்த விதைகளை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றிலும் பெரிது, சிறிது என்ற பேதம் இருந்தது. பெரிய விதைகளைத் தனியாகவும் சிறிய விதைகளைத் தனியாகவும் விதைத்தார். என்ன ஆச்சரியம்! பெரிய விதையின் சந்ததியும் சிறிய விதையின் சந்ததியும் சராசரியில் ஒரே அளவாக இருந்தன. விதை பெருத்ததும் சிறுத்ததும் மண், நீர், வெயில், காய்க்குள் கிடைத்த இடம் ஆகியவற்றின் வேலை. உள்ளே இருந்த பரம்பரைச் சரக்கு இரண்டுக்கும் ஒன்றேதான். அந்தப் பரம்பரைச் சரக்குக்கு 'ஜீன்' என்று 1909-ல் பெயர் சூட்டியவரும் யோஹான்ஸனே. இன்று தமிழில் அதை மரபணு என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் உருவம் வேறு, உள்ளிருக்கும் மரபு வேறு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் தீர்மானித்து விடக்கூடாது என்பதே பீன்ஸ் விதை சொன்ன பாடம்.

மனிதனின் உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றா, இரண்டா? சுமார் 54 லட்சம் பேரின் மரபுப் பொருளை ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், உயரத்துடன் தொடர்புள்ள 12,111 நுண்ணிய வேற்றுமைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை அளவே கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக இவை கலைந்து சேருவதால்தான், ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் கூட ஒரே உயரமாய் இருப்பதில்லை.

எண்பது பங்கும் இரண்டு வயல்களும்

வயிறார உண்ணும் தேசங்களில் இரட்டைக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தவர்கள், வளர்ந்தவர்களின் உயர வேற்றுமையில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு மரபினால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா? எண்பது பங்கு வம்சம். நாம் செய்யக்கூடியது என்ன இருக்கிறது?" என்று வம்சக் கட்சியார் மார்தட்டக் கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஒரு மூட்டையிலிருந்து பல ரகம் கலந்த விதை நெல்லை எடுத்து இரண்டு வயல்களில் விதைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று எருவும் தண்ணீரும் குறைவறக் கிடைக்கும் நஞ்சை. மற்றொன்று காய்ந்த மேட்டு நிலம். நஞ்சைக்குள்ளே ஒரு பயிர் உயர்ந்தும் ஒரு பயிர் தாழ்ந்தும் இருந்தால், அதற்குக் காரணம் விதையே. ஏனெனில் நீரும் எருவும் எல்லாவற்றுக்கும் சமம். மேட்டு நிலத்துக்குள்ளேயும் அப்படியே. ஆனால் நஞ்சைப் பயிருக்கும் மேட்டு நிலப் பயிருக்கும் உள்ள வித்தியாசம்? அதற்கும் விதைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வயலுக்குள் கண்ட கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு வயல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்குத் தீர்ப்புச் சொல்வது பெரும் பிசகு.

இது வெறும் உபமானமல்ல. தேசங்களின் சரித்திரத்தில் நடந்திருக்கிறது. கொரியா தேசத்தில் 1896-ல் பிறந்த பெண்கள் வளர்ந்த பின் சராசரியாக 142 சென்டிமீட்டர் உயரமே இருந்தார்கள். தென் கொரியாவில் 1996-ல் பிறந்த பெண்களின் சராசரி 162 சென்டிமீட்டர். ஒரு நூற்றாண்டில் இருபது சென்டிமீட்டர், அதாவது அரை முழத்துக்குச் சற்றுக் குறைவு! நாலைந்து தலைமுறைக்குள் ஒரு ஜனசமூகத்தின் மரபணுக்கள் இவ்வளவு மாறிவிட முடியாது. நூல் அதே நூல், நெசவுதான் மாறியது. வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களை அளந்து பார்த்தபோது, அதே இனத்தாராயிருந்தும், தென் கொரியரை விட அவர்கள் பல சென்டிமீட்டர் குறைவாக இருந்தார்கள். இன்று உலகிலேயே நெட்டையர்கள் என்று பெயர் பெற்ற ஹாலந்துக்காரர்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில், படையில் சேரும் வயதில், சராசரி சுமார் 165 சென்டிமீட்டரே இருந்தவர்கள்தாம்.

தில்லிக் குழந்தைகளின் சாட்சி

"கொரியருக்கும் ஹாலந்துக்காரருக்கும் அப்படியிருக்கலாம், இந்தியர்கள் பிறப்பிலேயே சிறிய உருவம் படைத்தவர்கள்" என்று சொல்பவர்கள் அந்நியர்களில் மட்டுமல்ல, நம்மவர்களிலும் உண்டு. இந்த வாதத்தைச் சோதிப்பதற்குத் தக்க பரிசோதனை ஒன்று 1997 முதல் 2003 வரை நடைபெற்றது. உலக சுகாதார ஸ்தாபனம் பிரேஸில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களில் சுமார் எட்டாயிரத்தைந்நூறு குழந்தைகளை அளந்தது. இந்தியாவின் சார்பில் சாட்சி சொன்னவர்கள் தென் தில்லியின் குழந்தைகள். எல்லா இடத்திலும் ஒரே நிபந்தனை: தாய் புகை பிடிக்காதவளாயிருக்க வேண்டும், குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைத்திருக்க வேண்டும், வளர்ச்சிக்கு வறுமை குறுக்கே நிற்கக்கூடாது, வைத்திய வசதி இருக்க வேண்டும்.

முடிவு என்ன? ஆறு தேசத்துக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வளர்ந்தார்கள். முதல் இரண்டு வயது வரை குழந்தைகளின் நீளத்தில் கண்ட வேற்றுமையில், தேசத்துக்குத் தேசம் இருந்த வித்தியாசம் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. ஒரே ஊரில் குழந்தைக்குக் குழந்தை இருந்த வித்தியாசமோ சுமார் எழுபது பங்கு! 2006-ல் வெளியிடப்பட்ட உலகப் பொது வளர்ச்சி அளவுகோல் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே. நல்ல நெசவு கிடைத்தால் தில்லிக் குழந்தை ஆஸ்லோ நகரத்துக் குழந்தைக்குத் தோள் கொடுத்து நிற்கும் என்பது இதனால் நிரூபணமாயிற்று.

வளர்ச்சியின் வேகம்

வளர்ச்சி எப்பொழுது நடக்கிறது என்று தெரிந்தால்தான் எப்பொழுது கவனிக்க வேண்டும் என்பது விளங்கும். பிரெஞ்சு தேசத்தில் மோன்பெய்யார் என்னும் கனவான் 1759-ல் பிறந்த தம் மகனை, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறையாகப் பதினெட்டு வயது வரை அளந்து குறித்து வைத்தார். இயற்கை நூலாசிரியர் பூஃபோன் அந்தக் குறிப்பை 1777-ல் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். இன்றைக்கும் வளர்ச்சி ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தகப்பனாரை நன்றியுடன் நினைக்கிறார்கள்.

அந்தக் குறிப்பும் பின்வந்த லட்சக்கணக்கான குறிப்புகளும் சொல்லும் செய்தி ஒன்றே. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை, முதல் வருஷத்தில் மட்டும் சுமார் 25 சென்டிமீட்டர் வளருகிறது. இரண்டாம் வருஷத்தில் அதில் பாதிக்கும் குறைவு. பிறகு பருவம் எய்தும் காலம் வரை வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர். பருவ காலத்தில் மறுபடியும் ஒரு பாய்ச்சல். அதன் பின், எலும்பு முனைகளிலுள்ள வளரும் குருத்துக்கள் இறுகி, வளர்ச்சி நின்று விடுகிறது. அவை இறுகிய பின் எந்த மாவும், எந்த மருந்தும், எந்தத் தொங்கு பயிற்சியும் ஓர் அங்குலம் கூடக் கூட்டப் போவதில்லை.

இரண்டு வயதுக்குள் மனிதன் தன் முழு உயரத்தில் ஏறக்குறைய பாதியை எட்டி விடுகிறான். கருவிலிருக்கும் 270 நாட்களையும் இந்த 730 நாட்களையும் சேர்த்தால் ஆயிரம் நாட்கள். சுற்றுச்சார்பின் கை ஓங்கியிருப்பது இந்த ஆயிரம் நாட்களில்தான். குடும்பத்தில் கஷ்ட காலம் வந்தால் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை அப்படியே நிறுத்தி விட்டு அரிசி வாங்குகிறோம் அல்லவா? உடம்பும் அவ்விதமே. பசியோ, காய்ச்சலோ, ஓயாத வயிற்றுப்போக்கோ வந்தால், உயிரைக் காப்பதே முதல் வேலையென்று வளர்ச்சியைத் தள்ளிப் போடுகிறது. கஷ்டம் சில வாரத்தில் தீர்ந்தால், குழந்தை விரைந்து வளர்ந்து இழந்ததைப் பிடித்து விடும். மாதக்கணக்காய் நீடித்தால் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை.

ரொட்டியும் கடுமொழியும்

நெசவு என்று நாம் சொல்வது சோறு மட்டுந்தானா? 1948-ல், யுத்தத்தால் நொந்து போயிருந்த ஜெர்மனியில், எல்ஸி விட்டோஸன் என்னும் ஆங்கில மாது இரண்டு அநாதைக் குழந்தை விடுதிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். ஒவ்வொன்றிலும் சுமார் ஐம்பது குழந்தைகள். முதல் ஆறு மாதம் இரண்டு விடுதிகளுக்கும் சர்க்கார் பங்கீட்டு உணவு மட்டும். அடுத்த ஆறு மாதம் ஒரு விடுதிக்கு மாத்திரம் ரொட்டி, ஜாம், ஆரஞ்சு ரசம் அதிகமாகக் கொடுக்கப்பட்டன. அந்த விடுதிக் குழந்தைகள்தாம் நன்றாக வளருவார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்ததோ தலைகீழ்! முதல் ஆறு மாதத்தில் நன்றாக எடை கூடி வந்த அவர்கள், அதிக உணவு கிடைத்த பிறகு பின்தங்கினார்கள். உணவு கூடாத மற்ற விடுதிக் குழந்தைகள் முந்திக்கொண்டார்கள்.

காரணம் பிறகு தெரிய வந்தது. மற்ற விடுதியில் முன்பு தலைவியாயிருந்த கடுமையான ஸ்திரீ ஒருத்தி, சரியாக அந்தச் சமயத்தில் இந்த விடுதிக்கு மாற்றப்பட்டிருந்தாள். குழந்தைகள் தட்டின் முன் உட்காரும் வேளை பார்த்து அவர்களை நிறுத்தி வைத்துக் கண்டிப்பது அவளுடைய வழக்கம். சூப்பு ஆறிப் போகும். குழந்தைகள் கண்ணீருடன் உட்கார்ந்திருக்கும். அவளுடைய செல்லப் பிள்ளைகளாக அவளோடு கூட வந்த எட்டுப் பேர் மட்டும் நன்றாய் வளர்ந்தார்கள்! 1951-ல் இந்த விவரம் வெளியாயிற்று. சாப்பாட்டு வேளையில் குழந்தைகளின் பள்ளிக்கூட மதிப்பெண்ணை விசாரணை செய்யும் தகப்பனார்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டுகிறோம்.

ஒரே வீட்டில் இரண்டு வயல்கள்

இனி, நம் வீட்டுக்குள்ளேயே பார்வையைத் திருப்புவோம். இந்தியக் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளை விடக் குட்டையாயிருப்பது ஏன் என்று சீமா ஜயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். தலைச்சன் பிள்ளைகளை ஒப்பிட்டால் இந்தியக் குழந்தைகள் பின்தங்கவில்லை. அடுத்தடுத்துப் பிறந்தவர்களிடந்தான் பின்னடைவு தொடங்கிப் பெருகுகிறது. பெண் குழந்தைகளிடம் அது இன்னும் அதிகம். மரபணுக்களுக்கு மூத்தவன், இளையவள் என்ற பேதம் தெரியாது. அந்தப் பேதம் தெரிந்தது பந்தி போடுகிற நமக்குத்தான்! மூத்த பிள்ளையின் இலையில் விழும் நெய்யும், மூன்றாவது பெண்ணின் இலையில் விழாத முட்டையும் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் நஞ்சையும் மேட்டு நிலமும் உண்டாக்கி விடுகின்றன.

இதன் பலன் அந்தப் பெண்ணோடு நிற்பதில்லை. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா தேசத்துக் கிராமங்கள் நான்கில், 1969 முதல் 1977 வரை, இரண்டு கிராமங்களில் புரதச் சத்து மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டில் வெறும் இனிப்புப் பானமும் கொடுத்து வந்தார்கள். மூன்று வயதுக்கு முன் கஞ்சி குடித்த குழந்தைகள் அதிகம் வளர்ந்தார்கள். மூன்று வயதுக்கு மேல் குடித்தவர்களிடம் அந்தப் பலன் காணவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு மற்றொன்று தெரிந்தது. சிறு வயதில் அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த பெண்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளும் பிறப்பில் அதிக எடையுடனும் பின்னர் அதிக உயரத்துடனும் இருந்தார்கள். பாட்டி ஊட்டிய கஞ்சி பேரனின் எலும்பிலே தெரிந்தது!

இங்கேதான் "எங்கள் வம்சமே குட்டை" என்ற பேச்சின் உண்மைப் பொருள் விளங்குகிறது. பெற்றோரின் உயரம் மரபை மட்டும் காட்டுவதில்லை. அவர்கள் குழந்தைப் பருவத்தில் உண்டதையும் பட்டினி கிடந்ததையும் நோயுற்றதையும் சேர்த்தே காட்டுகிறது. தாது வருஷப் பஞ்சம் முதல் எத்தனையோ பஞ்சங்களைக் கடந்து வந்த ஜனங்கள் நாம். குட்டையான பாட்டிக்கு எடை குறைந்த மகள். அந்த மகள் வளர்ச்சி குன்றி, சோகை பிடித்து, இளவயதில் தாயாகி, மறுபடியும் எடை குறைந்த குழந்தை. இதை வம்சம் என்று சொல்லி நாம் வணங்கி விட்டோம். வம்சம் குட்டையாயிருந்ததா, பசித்திருந்ததா என்று கேட்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

குட்டையாயிருக்கும் குழந்தையெல்லாம் நோயாளி என்று நாம் சொல்லவில்லை. சுகமாக விளையாடி, வருஷந்தோறும் ஒழுங்காக வளர்ந்து வரும் சிறிய உருவமுள்ள குழந்தை, தன் நூலுக்கேற்ற சேலையாகவே விளங்குகிறது. அதை நெட்டைக் குழந்தையுடன் ஒப்பிட்டு வருத்துவது அநியாயம். பார்க்க வேண்டியது உயரத்தை விட வளர்ச்சியின் வேகத்தை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுவரோரம் நிறுத்தி ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவதற்குச் செலவு ஒரு பென்ஸில் முனைதான். நான்கு வயதுக்கு மேல், பருவம் எய்துவதற்கு முன்னால், வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கூட வளரவில்லையென்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தைராய்டுச் சுரப்பியின் குறைவு போன்ற காரணங்களைக் காலத்தில் கண்டால் சிகிச்சை உண்டு.

மரபிலேயே கோளாறு என்று ருசுவான இடத்திலும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பினைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோயை 1934-ல் நார்வே வைத்தியர் ஃபொல்லிங் கண்டுபிடித்தார். கவனிக்காவிட்டால் குழந்தையின் மூளை கெட்டு விடும். பிறந்ததும் கண்டுபிடித்து, அந்த உடம்பு தாங்காத புரதக் கூறு ஒன்றை உணவில் குறைத்து வளர்த்தால், குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளருகிறது. நூலிலிருந்த குறையை நெசவு மறைத்து விடுகிறது.

வீட்டுக்கு வேண்டியவை அபூர்வமான பொருள்களல்ல. கர்ப்பிணிக்கு வயிறார உணவும் இரும்புச் சத்தும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் குழைந்த சாதம், பருப்பு, கீரை, பால், முட்டை, தடுப்பூசி, கொதித்து ஆறிய நீர், கழுவிய கை. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினொருவரே. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். 2005-06-ல் அது 48 ஆக இருந்தது. தமிழ் நாட்டில் 2019-21-ல் 25.

இந்த எண்கள் தாமாகக் குறைந்தவையல்ல. 1956-ல் காமராஜர் பள்ளிக்கூடத்தில் மத்தியான உணவைத் தொடங்கினார், 1982-ல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1980-ல் தொடங்கிய தமிழ் நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கிராமந்தோறும் மாதாமாதம் தராசில் நிறுத்தி, எடை ஏறாத குழந்தைக்கு உடனே துணை உணவு கொடுத்தார்கள். யார் வம்சம் என்று அந்தத் தராசு கேட்கவில்லை. குழந்தை இந்த மாதம் வளர்ந்ததா என்று மட்டுமே கேட்டது. நம் வீடுகளிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நூலை நாம் தேர்ந்தெடுக்க முடியாது; அது பிறப்போடு கைக்கு வந்து விட்டது. தறியோ நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. இன்று பாலுக்கு அழும் பெண் குழந்தையின் கிண்ணத்தில் நாம் இடுவது, அவள் பெறப் போகும் பிள்ளையின் பங்கும் ஆகும். ஆகவே, இன்றிரவு பந்தி போடும்போது, கடைசியாக உட்காரும் சின்னப் பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தாய்மார்களும் தகப்பனார்களும் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்களாக.